துரையிடமிருந்து வந்த கடிதம்

நமுனுகுல மலைப்பக்கம் இடி உருளத் தொடங்கியதுமே, தோட்டத்து ஆபீசில் ஜெயலெட்சுமி தட்டிக்கொண்டிருந்த செக்ரோல் கணக்கை அப்படியே சேமித்தாள். கம்ப்யூட்டரை முறைப்படி மூடி, மேசைக்கடியில் குனிந்து, முதலில் டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்; அப்புறம் கரண்டு வயர். கடைசியில் அம்மாவின் பழைய சேலையை வெட்டித் தைத்த உறையை எடுத்துப் பெட்டிக்கும் திரைக்கும் சேர்த்துப் போர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே, தேயிலைக் கொழுந்து நிறுத்த கையோடு அன்று வேலைக்கு வந்தவர்களின் பேர் பதிய வந்திருந்த கணக்கப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"இடி எங்கயோ கெடக்கு. அதுக்குள்ள போத்திப் படுக்கப் போட்டுட்டியே! இது என்னா காய்ச்சக்காரப் புள்ளையா?"

"வயரு வழியா வந்துருங்க ஐயா. போன மாசம் பக்கத்துத் தோட்டத்துல அப்படித்தான் எரிஞ்சு போச்சு. இடி போனதும் ஒங்க பேரயெல்லாம் ஏத்திடுறேன். ஒக்காருங்க."

"ஒக்காருறதா? இந்த ஆபீசுல எனக்கு எவன் நாக்காலி போட்டான்?" என்று சிரித்தபடி அவர் தூணில் சாய்ந்துகொண்டார்.

அவர் சொன்னதும் சரிதான். வரிசையறை லயங்களில் குடியிருக்கும் தோட்டச் சனங்களுக்கு அந்த ஆபீஸ் என்பது ஒரு ஜன்னல் மட்டும்தான். லீவு கேட்பதும், பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு எழுதுவதும், ஏச்சு வாங்குவதும் எல்லாம் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றபடிதான். கீழ்ப்பிரிவு லயத்தில் பிறந்து, அந்தக் கதவால் உள்ளே நுழைந்து, நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தவள் ஜெயலெட்சுமி ஒருத்திதான்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கொழும்புக் கம்பெனி ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தது. யார் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்ற செக்ரோல் பதிவு இனி அதில்தான் ஏற வேண்டுமாம். கொழும்புக்குக் கடிதமும் அதன் வழியாகவே போக வேண்டுமாம். பெரிய கிளாக்கர் அம்பலவாணர், வாசலில் வந்து படுத்த தெருநாயைப் பார்ப்பதுபோல் அந்தப் பெட்டியைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் வந்து, பேனாவும் டைப்ரைட்டருமாகவே தலை நரைத்த மனுசன். "என்ர விரலுக்கும் உதுக்கும் சரிவராது" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான், உயர்தரம் படித்துவிட்டு பதுளைக்குப் போய்க் கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்த பெண் ஒன்று லயத்தில் இருக்கிறது என்ற பேச்சு தோட்ட மெனேஜரான பெரியதுரை காதுக்குப் போனது. ஆறு மாதம் பரீட்சார்த்த வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம்.

நிரந்தரம் என்றால் சம்பளம் மட்டுமல்ல. ஆபீஸ்காரர்களுக்கு உள்ள குவார்ட்டர்சில் ஒரு வீடு. புகை போக ஒழுங்கான சிம்னி வைத்த குசினி. ஜெயலெட்சுமிக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்தச் சிம்னிதான். அம்மா அங்கம்மாவுக்கு இழுப்பு. லயத்து அறையில் ஈர விறகு புகையும்போது அந்த நெஞ்சு படும் பாட்டைப் பார்க்க முடியாது. "புகையில்லாத எடத்துல வச்சிருங்க, பாதி வருத்தம் போயிரும்" என்று பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பினார். பத்தடி அறையில் அடுப்பும் படுக்கையும் ஒன்றாய்க் கிடக்கையில் புகையில்லாத இடத்துக்கு எங்கே போவது?

வேலையில் அவள் ஒரு குறை வைக்கவில்லை. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை மாடியில் வகுப்பு நடத்திய பஸீல் சேர் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். "தங்கச்சி, கடதாசி நனைஞ்சா காயப்போடலாம். இதுக்குள்ள இருக்கிறது போனா போனதுதான். கைய எடுக்கிற நேரமெல்லாம் சேமிச்சிக்கோங்க. இன்னொரு பிரதிய ஃப்ளொப்பில எடுத்து வேற எடத்துல வைங்க. பாஸ்வேர்ட கூடப்பொறந்தவங்களுக்கும் சொல்லாதீங்க. தெரியாத ஆள்கிட்ட இருந்து என்ன வந்தாலும் தொறக்கவே வேணாம்." ஆபீசில் ஃப்ளொப்பி வாங்கக் கேட்டபோது, "ஒரு சாமான் பழுதாகாமலே இன்னொண்டு வாங்கிறதோ?" என்று அம்பலவாணர் கையை விரித்தார். அவள் சொந்தச் சம்பளத்தில் ஒரு பெட்டி வாங்கி, சனிக்கிழமை தவறாமல் பிரதி எடுத்து, சாப்பாட்டுப் பையில் போட்டு லயத்துக்குக் கொண்டுபோய், சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

நிரந்தரமாக்கும் கடிதத்தையும் அவளையே அடிக்கச் சொன்னார் அம்பலவாணர். "பெரியதுரை மாதக் கடைசியில கையெழுத்து வைப்பார். பிழையில்லாமல் அடியும்" என்றார். தன் பெயரைத் தானே அடித்துவிட்டு, எழுத்து எழுத்தாக இரண்டுதரம் சரிபார்த்தாள். அன்று சாயந்திரம் லயத்தில் அப்பா சன்னாசி குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசி வீட்டைப் பற்றியே பேசினார். "தகரம் கொஞ்சம் ஒழுகும் போல. அது கெடக்கட்டும், நான் பாத்துக்குறேன். குசினிதான் நல்ல குசினி." அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கோவிலுக்குப் போன சாக்கில் அந்த வீட்டு வழியாகச் சுற்றி வந்தாள் என்று பக்கத்து அறைக்காரி சொல்லிச் சிரித்தாள்.

மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் காலையில் கொழும்புக் கடிதங்களை இறக்க லைனைப் போட்டாள். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. "கோழியை அறுக்கிற மாதிரிக் கிடக்கு" என்று தினமும் சொல்வதைச் சொல்லிவிட்டு அம்பலவாணர் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. உரம் பற்றி ஒன்று, தேயிலை ஏலம் பற்றி ஒன்று. மூன்றாவது, பெரியதுரையின் பெயரில், அவர் குடியிருக்கும் பங்களாவிலிருந்து. தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: உனக்கு ஒரு காதல் கடிதம்.

அவள் சட்டென்று திரையை அணைத்தாள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். சின்னக் கிளாக்கர் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். பெரியதுரைக்கு அவள் அப்பா வயது. பொம்பளைப்பிள்ளைகளைக் கண்ணெடுத்துப் பார்க்கும் ஆளும் இல்லை. திட்டுவார், கத்துவார், நாய்க்கு எலும்பு போடுவதுபோல் வார்த்தை போடுவார், அவ்வளவுதான். இது என்ன கண்றாவி? வேறு யாருக்கோ அனுப்பியது தவறி வந்துவிட்டதா? அப்படியென்றால் திறக்கக் கூடாது. இல்லை, தன்னைச் சோதிக்கிறாரா? நிரந்தரமாக்கும் முன்னால் ஆள் எப்படி என்று பார்க்கிறாரா?

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் நடந்தது ஞாபகம் வந்தது. அன்று அவளை ஃபெக்டரிக்குக் கணக்கு வாங்கிவர அனுப்பியிருந்தார்கள். துரையின் கடிதம் ஒன்று மத்தியானம் வரை திறக்காமல் கிடந்துவிட்டது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிற செய்தி அது. ஜீப்பில் வந்து இறங்கிய பெரியதுரை, ஆபீஸ் முழுக்க நிற்க, வராந்தா அதிரக் கத்தினார்.

"என்னா நெனச்சிக்கிட்டு இருக்கிறது? நான் அனுப்பினா அந்த நிமிசம் தொறக்கோணும்! நீ எனக்கு நேரம் பாக்கிறதா? இன்னொரு தடவ நடந்திச்சு, மலைக்குத்தான் போகோணும் நீ, கூடை தூக்கிட்டு. வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சுங்க தொர" என்று அவள் சொன்னாள். அம்பலவாணரும் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

தெரியாத ஆளின் கடிதத்தைத் திறக்கக் கூடாது என்றுதானே பஸீல் சேர் சொன்னார்? இந்தத் தோட்டத்தில் பெரியதுரையைத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? அவள் திரையைப் போட்டாள். மனசுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு கடிதத்தைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. இணைத்திருப்பதைப் பார் என்று ஒரு வரி. அதையும் அழுத்தினாள். திரை ஒருமுறை வெளுத்து, பழையபடி ஆனது. காதலும் இல்லை, கடிதமும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முடிவதற்குள் பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. அவள் ஒன்றையும் தொடவில்லை. ஆனாலும் லைனில் எதுவோ போய்க்கொண்டே இருந்தது. செக்ரோலைத் திறந்தாள், திறக்கவில்லை. போன மாதத்தைத் திறந்தாள், அதுவும் இல்லை. என்ன நடக்கிறது என்று உறைத்ததும் குனிந்து டெலிபோன் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கி என்ன? போகவேண்டியதெல்லாம் போய்விட்டது.

திரும்ப வயரைச் சொருகிய கையோடு டெலிபோன் அடித்தது. அம்பலவாணர் எடுத்தார். கொழும்புத் தலைமை ஆபீஸ். கேட்கக் கேட்க அவருடைய முகம் கறுத்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து கம்பெனி டைரக்டர்மார் ஒவ்வொருவருக்கும் ஒரு காதல் கடிதம் வந்திருக்கிறதாம். பக்கத்துத் தோட்டத்துத் துரைமாருக்கும். பண்டாரவளை பேங்க் மெனேஜருக்கும். உர ஏஜென்டுக்கும். ஆபீசில் விலாசம் இருந்த ஒருவர் பாக்கியில்லை.

"பிள்ளை, என்ன கோதாரி செய்து வைச்சனீர்?" என்றார் அவர். அவள் திரையைக் கையால் காட்டினாள். மேலேயிருந்த பெயரையும் தலைப்பையும் வாசித்த அம்பலவாணர், சூடு பட்டவர்போல் ஓரடி பின்னால் போனார்.

பெரியதுரை வந்த வேகத்தில் ஜீப்பின் கதவைக்கூடச் சாத்தவில்லை. 

"நான் ஒனக்கு லவ் லெட்டர் எழுதுறதா? நான்? ஒனக்கு?"

சின்னக் கிளாக்கர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். ஜெயலெட்சுமிக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

"தொர பேருலதாங்க வந்துச்சு. தொர அனுப்புனா ஒடனே தொறக்கணும்னு தொரதான் சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னது?" அவர் அம்பலவாணர் பக்கம் திரும்பினார். "பெரிய கிளாக்கர், நான் அப்பிடிச் சொன்னதா?"

அம்பலவாணர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டித் தலைப்பால் துடைத்தார். மறுபடி போட்டார். அந்த நேரம் முழுக்க ஜெயலெட்சுமி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"எனக்கு ஞாபகமில்லை, சேர்" என்றார் அவர்.

சாயந்திரத்துக்குள் கதை மலையெல்லாம் ஏறி இறங்கிவிட்டது. யார் கொண்டுபோனார்களோ, பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அதே பேச்சு. துரை ஜெயாவுக்குக் கடுதாசி கொடுத்தாராம்; இல்லை, ஜெயாதான் கொழும்பில் உள்ள துரைமாருக்கெல்லாம் எழுதினாளாம். அவள் குடத்தோடு போனதும் பேச்சு நின்றது. பிறகு ஒருத்திக்கு வாய் பொறுக்கவில்லை.

"ஏண்டி ஜெயா, அப்படி என்னதாண்டி எழுதியிருந்தாரு? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லேன், கேட்டுக்குறோம்!"

கொல்லென்று சிரிப்பு. காலையில் "கிளாக்கரம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள்தான். ஜெயலெட்சுமி பாதிக் குடத்தோடு திரும்பினாள். அறைக்குள் வந்ததும் குடத்தை வைத்துவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு இழுப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நெசத்தச் சொல்லு தாயி. அந்த மனுசன் ஒன்னைய ஏதாச்சும்…"

"ஐயோ அம்மா! அவரு எழுதவே இல்ல. அது ஒரு கள்ளக் கடுதாசி. ஒரு ஆளு தொறந்தா, அந்த ஆளுக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் அவரு பேரப் போட்டுத் தானாவே போகுமாம். பஸீல் சேருக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டேன். ஒலகம் பூராவும் இதே கூத்துத்தானாம்."

"கள்ளக் கடுதாசின்னா நீ ஏம்மா தொறந்த?" என்று கேட்டாள் அம்மா.

அதுவரை வாசற்படியில் குந்தியிருந்த சன்னாசிதான் பதில் சொன்னார். "தொறக்காம? எங்கப்பன் காலத்துல இருந்து, தொரகிட்ட இருந்து துண்டுக் கடுதாசி வந்துச்சுன்னா சோத்துல கைய வச்சிருந்தாலும் ஒதறிட்டு எந்திரிச்சிருக்கோம். என்னா ஏதுன்னு கேட்டிருக்கோமா? இவ மட்டும் தொறக்காம வச்சிருந்தா இன்னேரம் அதுக்கு வெரட்டியிருப்பாங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நாளைக்கி வெடிஞ்சதும் நான் பங்களாவுக்குப் போயி தொர கால்ல விழுந்து சொல்றேன். நீ அழுவாத" என்றார்.

"நீங்க போவாதீங்கப்பா" என்றாள் அவள். "நான் செஞ்ச வேலைய நானே சரிபண்றேன். செக்ரோல் திரும்ப வந்துருச்சுன்னா அவருக்குக் கோவம் போயிரும்."

அவள் எழுந்து சாமிப் படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஃப்ளொப்பிகளை எடுத்தாள். கடைசிச் சனிக்கிழமை வரை எல்லாம் அதில் இருந்தன.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே பஸீல் சேர் வந்து சேர்ந்தார். தாடியைத் தடவிக்கொண்டு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை தேநீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்தழித்து, புதிதாக ஏற்றி, அவளுடைய ஃப்ளொப்பிகளைப் போட்டார். செக்ரோல் திறந்தது. பேர்கள் வரிசையாக வந்து நின்றபோது ஜெயலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க பிரதி எடுத்து வச்சதாலதான் இந்தத் தோட்டம் பொழச்சிச்சு, தங்கச்சி. நேத்தே நாலு தோட்டத்துல இருந்து எனக்கு டெலிபோன் வந்திச்சு. ஒரு எடத்துலயும் ஒண்டும் மிச்சமில்ல."

பிறகு அவர் பங்களாவுக்குப் போய்த் துரையின் கம்ப்யூட்டரையும் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் நேரே அம்பலவாணர் மேசைக்குப் போனார்.

"ஐயா, ஒரு விசயம். மொதல்ல தொறந்தது பங்களாவுலதான். திங்கக்கிழம பின்னேரம். க்ளப்ல அவருக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்கிட்ட இருந்து வந்திருக்கு. தொர அதத் தொறந்தபடியாத்தான் அவர்ட பேருல இங்க வந்தது; அவர்ட பெட்டியில இந்த ஆபீஸ் விலாசம் மட்டுந்தான் இருந்திச்சு. இந்தப் புள்ளைட தவறு இல்ல."

"துரைக்குச் சொன்னனீரோ?"

"சொன்னன். 'துப்பரவாக்க வந்தா துப்பரவாக்கிட்டுப் போ' எண்டாரு. அவர்ட பொஞ்சாதி, துரைசானியும் அங்கதான் நிண்டாங்க. யாருக்கு எழுதின லெட்டர் எண்டு ஒரே சத்தம். அந்த நேரம் நான் அதுக்கு மேல என்ன பேசுற?"

அம்பலவாணர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அப்ப உந்தக் கதையை இதோட விடும். வெளியில ஒருத்தருக்கும் கதைக்க வேண்டாம்."

பஸீல் சேர் ஜெயலெட்சுமியைப் பார்த்தார். சுற்றுவட்டத் தோட்டங்களின் கம்ப்யூட்டர் வேலைதான் அவருக்குப் பிழைப்பு. அது அவளுக்கும் தெரியும். பையை எடுத்துக்கொண்டு, "அல்லாஹ் ஒரு வழி காட்டுவான், தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

விட்டுப்போன நாட்களின் பேர்களை அவள் மறுபடி ஏற்றினாள். கணக்கப்பிள்ளை தானாகவே குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பேராக வாசித்தார். தலையை நீட்டி நீட்டி வாசித்து அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மழை கொட்டியபோதும் குடைக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசித்தார். சம்பள நாளுக்கு எந்தப் பங்கமும் வரவில்லை. ஒருவருக்கும் ஒரு நாள் பேர்கூடக் குறையவில்லை. பெரியதுரை அந்த இரண்டு நாளும் ஆபீஸ் பக்கம் வராதது அவளுக்கு நல்ல சகுனமாகவே பட்டது. கோபம் தணிந்திருக்கும், கையெழுத்தும் விழுந்திருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை உள்ளறையிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. நெடுநாளாகத் துணி போட்டு மூடிக் கிடந்த டைப்ரைட்டர். அம்பலவாணர் இரண்டு விரலால் எழுத்துத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார். கடிதம் அடிக்க வேண்டுமென்றால் அவளிடம் தருவதுதானே வழக்கம்? அவள் எழுந்து வாசல்வரை போனாள். அவர் நிமிராமலே தாளின் மேல் கையை வைத்து மறைத்தார். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சத்தம் நின்றது. தாள் பங்களாவுக்குப் போய்த் திரும்பி வந்ததும், அவர் அதை அவள் மேசையில் வைத்தார். பரீட்சார்த்த காலத்தில் ஆபீசின் ஒழுங்குக்கும் தோட்டத்தின் நற்பெயருக்கும் பங்கம் விளைவித்தபடியால், இன்றோடு வேலை முடிகிறது. கீழே பெரியதுரையின் கையெழுத்து.

"எல்லாத்தையும் சரிபண்ணிட்டேனுங்களே ஐயா" என்றாள் அவள். "ஒரு பேராவது கொறையுதா?"

"செக்ரோலுக்காக இல்லைப் பிள்ளை. துரைசானிக்கு முன்னால துரை என்னத்தைச் சொல்லுறது? நீர் இந்தக் கதிரையில இருக்கும் மட்டும் கொழும்பிலயும் சிரிப்பாங்கள், பங்களாவிலயும் சண்டை ஓயாது."

"பஸீல் சேரு ஒங்ககிட்டதானே சொன்னாரு? தொரதான் மொதல்ல தொறந்தாருன்னு. அன்னைக்கி அவரு கத்துனப்பவும் நீங்க பக்கத்துல நின்னீங்களே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க."

அம்பலவாணர் மேசையிலிருந்த தாளை நேராக்கி வைத்தார். "எனக்கு ஓய்வு எடுக்க இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு" என்றார். "எனக்கும் பிள்ளையள் இருக்கு." அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே நேரம், பாவமாகவும் இருந்தது. 

அவள் கம்ப்யூட்டரை மூடி, வயர்களைக் கழற்றி, உறையைப் போட்டாள். பிறகு அது அம்மாவின் சேலை என்று நினைவு வந்து, மறுபடி உருவி எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். ஆபீஸ் மேசையில் அவளுடையது என்று வேறொன்றும் இல்லை.

வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. லயத்துக்குப் போகிற படிக்கட்டுக்கும் பங்களாவுக்கு ஏறுகிற பாதைக்கும் நடுவில், பதுளையிலிருந்து வந்த லொறி ஒன்று நின்றது. மண் சறுக்குகிறபடியால் மேலே ஏற மாட்டேன் என்று சாரதி என்ஜினை நிறுத்தியிருந்தான். உதவி மெனேஜரான சின்னதுரை குடைக்குள் நின்று கைநீட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். லொறிக்குப் பின்னால் இருந்து, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கித் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்பா.

அவள் குடையைத் தாழ்த்திக்கொண்டு கடந்துபோகத்தான் பார்த்தாள். அதற்குள் அவர் கண்டுவிட்டார்.

"ஜெயா! இங்க வா, இங்க வா. இது என்னா தெரியுதா? கம்ப்யூட்டரு! பங்களாவுக்குப் புதுசு." அவர் முகமெல்லாம் சிரிப்பு. மலையில் வேலை செய்துகொண்டிருந்தவரைப் பிடித்துவந்திருக்கிறார்கள். ஆபீசில் நடந்தது ஒன்றும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. "பழசுல நோய் பூந்துருச்சுன்னு கொழும்புல இருந்தே இதக் குடுத்து விட்டுருக்காங்க. தொர கோவமெல்லாம் தணிஞ்சுதான் இருப்பாரு, நீ பயப்படாத. இத யாரு அவருக்குச் சொல்லிக் குடுக்கிறது? நீதானே போகணும்?"

"ஏய் சன்னாசி! என்ன கத?" என்று சின்னதுரை அதட்டினார். "கவனம்! கீழ விழுந்திச்சுன்னா நீ ஆயுசு பூரா ஒழச்சாலும் கட்ட ஏலாது."

"விழாதுங்க தொர. என் புள்ள படிச்ச சாமானுங்க இது, நான் விழுத்தாட்டுவேனா?"

பெட்டியின் ஓரத்தில் அம்புக்குறி கீழே பார்த்தபடி இருந்தது. ஜெயலெட்சுமி கிட்டே போனாள். வேலை போனதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். சின்னதுரையைப் பார்த்தாள், அப்பாவின் சிரிப்பைப் பார்த்தாள்.

"தலைகீழா இருக்குப்பா. இந்தக் குறி மேல பாக்கணும்" என்றாள். இருவரும் சேர்ந்து பெட்டியைத் திருப்பி வைத்தார்கள். 

மழை வலுத்தது. அட்டையில் புள்ளி புள்ளியாக ஈரம் படுவதைப் பார்த்த சன்னாசி, பெட்டியை லொறி விளிம்பில் சாய்த்துவிட்டு, தன் தோளில் கிடந்த கம்பளியை உருவி, நாலு பக்கமும் இறுக்கிச் சுற்றினார். "நனையாதுல்ல இப்ப?" என்று மகளைக் கேட்டார்.

"நனையாதுப்பா."

அவர் பெட்டியைத் தலைக்கேற்றிக்கொண்டு பங்களாப் படிகளில் ஏறினார். சின்னதுரை குடையோடு பின்னால் போனார். பெட்டி காய்ந்தே இருந்தது. அப்பாவின் வெற்று முதுகில் மழை கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.